கரடி முடித் தாயத்து

கோத்தகிரிக்கு நான் கிளம்பிய அன்று அம்மா சுருக்குப் பையைத் துழாவி ஒரு வெள்ளித் தாயத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுத்துப் போயிருந்தது. ஒரு முனை நசுங்கியிருந்தது. எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. ஏழு வயதில் என் வலது கையில் கட்டியிருந்த தாயத்து அது.

“பேத்தி கையில கட்டி விடுப்பா. கரடி திரியிற ஊருல போயி புள்ளய வச்சிருக்கா ஒம் மக. இது இருந்தா கிட்ட வராது.”

மகள் கோத்தகிரியில் செவிலியராக இருக்கிறாள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி வாடகை வீடு. அந்த வீட்டுப் பின்பக்கம் கரடி வந்து போன செய்தியை அவள் போனில் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை. எண்பத்து நான்கு வயதில் அம்மாவுக்குத் தெரிந்த காப்பு அது ஒன்றுதான். வாங்கி மடியில் முடிந்துகொண்டேன்.

அந்தத் தாயத்து எங்கள் வீட்டுக்கு வந்தது 1969-இல். அன்னவாசலுக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் பாறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் எங்கள் ஊர். அப்போது திருச்சி மாவட்டம். 1974 ஜனவரியில்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் காடு. ஆள் உயரத்துக்கு மேல் மண்புரவிகள் இரண்டு வரிசையாக நிற்கும். தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடி ஒரு நாள் பொழுது சாய்ந்த பிறகு அங்கே போனேன். மங்கிய வெளிச்சத்தில் ஒரு புரவியின் கண் என்னைப் பார்த்தது போலிருந்தது. ஓடி வந்து விழுந்தவன்தான். அதற்குப் பிறகு பத்து நாள் ராத்திரியில் அலறி எழுந்தேன். விபூதி போட்டார்கள், வேப்பிலை அடித்தார்கள். அலறல் நிற்கவில்லை.

“கரடிக்காரன் வரட்டும்” என்றார் அப்பத்தா.

கடலை பிடுங்கி முடிந்து ஊரில் கொஞ்சம் தானியமும் காசும் புழங்கும் நாட்களில் கரடிக்காரர் வருவார். தலையில் முண்டாசு, கையில் சின்ன உடுக்கை, தோளில் மூட்டை. பேச்சு பாதி உருது, பாதி தமிழ். அவருக்குப் பின்னால் தள்ளாடி நடந்து வரும் கரடி. கறுத்துத் தொங்கும் முடி, நெஞ்சில் வெள்ளை வளைவு, சாம்பல் நிற மூக்கு. அந்த மூக்குக்கு மேலே குத்திய துளை வழியாக ஒரு கயிறு. உடுக்கைச் சத்தம் கேட்டதும் கரடி பின்கால்களில் எழுந்து நின்று காலை மாற்றி மாற்றி வைக்கும். ஊரே கைதட்டும். பிறகு பயந்த பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுவந்து கரடி முதுகில் உட்கார வைப்பார்கள். மூன்று சுற்று. முடிந்ததும் முதுகிலிருந்து நாலு முடியைப் பிடுங்கிக் கொடுப்பார். தட்டானிடம் கொடுத்து வெள்ளிக் குழலில் அடைத்துக் கட்டினால் பயம் போய்விடும். கூலி இரண்டு படி கம்பு.

நானும் உட்கார்ந்தேன். அந்த முடியின் சொரசொரப்பு என் தொடையில் இன்னும் இருக்கிறது. குனிந்து பார்த்தபோது மூக்குத் துளையில் புண் இருந்தது, ஈ மொய்த்தது. கயிற்றை இழுத்தபோது அது ஒரு மாதிரி முனகியது. “பாடுது பாரு” என்றார் யாரோ. நானும் அப்படித்தான் நம்பினேன். அன்று ராத்திரி நான் அலறவில்லை. உலகத்திலேயே பெரிய பயங்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து இறங்கியவனுக்கு மண்குதிரை எம்மாத்திரம்?

அந்தக் கரடி ஏன் என்னை ஒன்றும் செய்யவில்லை என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. தாயைக் கொன்றுதான் குட்டியைப் பிடிப்பார்கள். சில மாதக் குட்டியின் மூக்கைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குத்திக் கயிறு கோப்பார்கள். மயக்க மருந்து எதுவும் கிடையாது. கோரைப் பற்களை உடைத்து எடுப்பார்கள், நகத்தை வெட்டுவார்கள். உடுக்கை அடித்ததும் அது எழுந்து நின்றது கயிறு இழுத்த வலியில். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அந்த வித்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓய்ந்தபாடில்லை. வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். என்ற அமைப்பு அறுநூறுக்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டு ஆக்ராவிலும் பெங்களூருக்குப் பக்கத்து பன்னர்கட்டாவிலும் வைத்துப் பராமரித்தது. ராஜு என்ற கடைசி வித்தைக் கரடி 2009 டிசம்பரில் வந்து சேர்ந்தது. தலைமுறை தலைமுறையாகக் கரடியை ஆட்டிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு வேறு தொழில் தொடங்கவும் பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் உதவி செய்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கரடிக்காரரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவர் கால்களும் வெடித்துக் கிடந்தன. அவரை வெறுக்க என்னால் முடியவில்லை. அந்தக் கரடியிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வழியுமில்லை.

கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாளே ஒரு செய்தி. பக்கத்து ஊர்க் கோயில் கதவை ராத்திரி கரடி உடைத்துவிட்டது. உள்ளே விளக்கில் இருந்த எண்ணெயையும் கேனில் இருந்த எண்ணெயையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. நீலகிரியில் இது புதிதல்ல. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோயில்களிலும் பள்ளிச் சத்துணவுக் கூடங்களிலும் ரேஷன் கடைகளிலும் அடிக்கடி நடக்கிறது. எண்ணெய், நெய், பருப்பு, சர்க்கரை. அதற்கு மூக்கு அவ்வளவு கூர்மை.

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். ‘சிவபூஜையில் கரடி புகுந்தது போல’ என்ற பழமொழிக்கு, கரடி என்பது ஒரு தோற்கருவி, பூசை நேரத்தில் அதை வாசிப்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள் என்று தமிழாசிரியர்கள் விளக்கம் தருவதுண்டு. நானும் அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். எங்கள் ஊரில் எந்தக் கரடி கோயிலுக்குள் வரப்போகிறது? உடைந்த அந்தக் கதவின் முன்னால் நின்றபோது மரத்தில் பதிந்திருந்த நகக்கீறல்களைத் தொட்டுப் பார்த்தேன். என் விரல் நுனி உள்ளே போனது. என் ஏழு வயதுக் கரடிக்கு நகமே இல்லை.

இன்னொரு பாடத்துக்காக நான் உண்மையிலேயே வருந்துகிறேன். இரண்டு நண்பர்களும் கரடியும் கதை. ஒருவன் மரத்தில் ஏறிக்கொள்வான், மற்றவன் செத்தவன் போலக் கிடப்பான், கரடி முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எத்தனை வகுப்புக்கு அதை நடத்தியிருப்பேன்! நம் காட்டுக் கரடிக்கு, அதாவது தேன்கரடிக்கு, மரம் ஏறத் தெரியும். தேனுக்கும் பழத்துக்கும் அது ஏறாத மரமில்லை. ஓடித் தப்பவும் முடியாது. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் அதன் நீண்ட நகத்தையும் மேல்வரிசை முன்பல் இரண்டு இல்லாததையும் பார்த்து, அதை மரத்தில் தொங்கிக் கிடக்கும் ஸ்லாத் என்ற சோம்பல் விலங்கின் இனம் என்று நினைத்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்தப் பெயரே நிலைத்தது. அந்தச் சோம்பேறிப் பெயர் கொண்டது மனிதனைவிட வேகமாக ஓடும்.

முன்பல் இல்லாத அந்த இடைவெளி வழியாகத்தான் அது கறையானை உறிஞ்சுகிறது. புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துளையை மூடிக்கொண்டு உதட்டைக் குழாயாக நீட்டி உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தலை முழுக்கப் புற்றுக்குள் இருக்கும்போது அதற்குக் காது கேட்காது. கண் பார்வையும் மட்டம். யாரோ மிக அருகில் வந்த பிறகுதான் அதற்குத் தெரிய வரும். அப்போது அது திடுக்கிடுகிறது. கரடி மனிதனைத் தாக்குவது பெரும்பாலும் இந்த ஒரு கணத்தில்தான். நம்மைத் தின்ன அது வருவதில்லை, பயத்தில் பாய்கிறது. புலியும் சிறுத்தையும் திரியும் காட்டில் குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு வாழ்ந்த இனம். எதிரி கிட்ட வந்துவிட்டால் முகத்தில் அடிப்பதுதான் அதற்குத் தெரிந்த காப்பு.

அடிபட்டவர்களின் முகத்தை மகள் மருத்துவமனையில் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் அதிகம் பேசுவதில்லை. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையத்துக்குப் பக்கத்தில் ஒரே நாளில் மூன்று பேரைக் கரடி குதறியது. மயக்க ஊசி போட்டுப் பிடித்து களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் அந்தக் கரடி பிழைக்கவில்லை. அந்த மூன்று குடும்பங்களின் துயரமும் அந்தக் கரடியின் சாவும் எனக்குச் சேர்ந்தேதான் நினைவில் நிற்கின்றன.

உறவுக்காரப் பையன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து ஒரு காணொளி அனுப்பினான். கரடி வந்தால் கையைத் தூக்கி உடம்பைப் பெரிதாகக் காட்டுங்கள், கத்துங்கள், பின்வாங்கிவிடும் என்று அதில் ஒருவர் விளக்குகிறார். அவர் சொல்வது அந்த ஊர்க் கருங்கரடிக்கு. அது பெரும்பாலும் மனிதனைக் கண்டால் விலகிப் போகிற இனம். நம் இமயமலையில் இருக்கும் கருங்கரடியும் வேறு. நம் தேன்கரடியின் முன்னால் பத்தடி தூரத்தில் நின்று கையைத் தூக்கினால் அது சண்டைக்கு அழைப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும். கத்துவது நல்லதுதான், ஆனால் அது தூரத்தில் இருக்கும்போதே, வழிநெடுக, நாம் வருகிறோம் என்று அதற்குத் தெரியும்படி. ‘கரடியாய்க் கத்தியும் கேட்கவில்லை’ என்று பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன். கோத்தகிரியில் கத்தியது கரடிக்குக் கேட்டால்தான் பிழைப்பு.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மகளின் பக்கத்து வீட்டு அக்கா. தேயிலை பறிக்கப் போகிறவர். விடியுமுன் தனியாக அவர் போவதில்லை. நாலு பேர் சேர்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, கையில் டார்ச்சோடு போவார்கள். செடிக்குள் இறங்குமுன் ஒரு தகர டப்பாவைத் தட்டுவார்கள். “கரடிக்கு நம்மளத் தெரியணும் சார், அவ்வளவுதான். தெரிஞ்சா அது பாட்டுக்குப் போயிரும்” என்றார். கரடி பின்கால்களில் எழுந்து நின்றால் பாயப் போகிறது என்று நினைக்கக் கூடாதாம். மோப்பம் பிடிக்கவும் பார்க்கவும்தான் நிற்கிறது. அப்போது திரும்பி ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்னால் நகர வேண்டும். குட்டியும் தாயுமாக இருந்தால் தூரத்திலேயே வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும், செல்போனை எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. நாயைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. நாய் போய்க் குரைத்து அதைக் கிளப்பிவிட்டு, நம்மிடமே ஓடி வரும். எல்லாம் மீறி மேலே விழுந்துவிட்டால்தான் கடைசி வழி. குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முகத்தைத் தரையோடு அழுத்தி, அது விலகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். என் பாடக் கதையில் சரியாக இருந்தது அந்த ஒரு பாதிதான், அதிலும் மல்லாந்து கிடக்கக் கூடாது என்பதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு காயம் சின்னதாக இருந்தாலும் உடனே மருத்துவமனை. வெறிநாய்க்கடிக்குப் போடும் அதே தடுப்பூசி கரடி கடித்தாலும் வேண்டும் என்று மகள் இரண்டு முறை சொன்னாள்.

வீட்டைக் காப்பது இதைவிட எளிது என்று நினைத்தேன். இல்லை, அதற்குத்தான் தினமும் உழைக்க வேண்டியிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்த வாரத்தில் பின்கட்டில் எண்ணெய் டின், அரிசி மூட்டை, பழைய சாப்பாட்டு வாளி எல்லாம் சன்னலோரம் இருந்தன. கதவு லேசான பலகை. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் நடத்திய குடித்தனம் அது. நான் சிறு பிள்ளையாக இருந்தபோது திண்ணையில் பாய் போட்டுத்தான் உறங்குவோம், வாசல் கதவு திறந்தே கிடக்கும். மகளும் நானும் சேர்ந்து எல்லாவற்றையும் உள் அறைக்கு மாற்றினோம். எண்ணெயை இறுக மூடிய பாத்திரத்தில் ஊற்றினோம். மீந்த சோற்றை ராத்திரி வெளியே கொட்டுவதை நிறுத்தினோம், குப்பையைக் காலையில் வண்டி வரும்போது மட்டும் வெளியே எடுத்தோம். பின்கதவுக்குக் கனமான பலகையும் இரும்புத் தாழ்ப்பாளும் போட்டோம். சுவரை ஒட்டிப் புதராக மண்டியிருந்த உண்ணிச்செடியை இரண்டு நாள் நின்று வெட்டினேன். அதன் கறுப்புப் பழம் கரடிக்குப் பிடிக்கும். புதர் அதற்கு ஒளிவிடமும்கூட. பாதைக்கு விளக்குப் போட்டோம். ஒருவேளை வீட்டுக்குள்ளேயே அது வந்துவிட்டால் கதவைச் சாத்தி அடைக்கக் கூடாது, வந்த வழி திறந்தே இருக்க வேண்டும், நாம் மறுபக்கம் போய் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று பேத்திவரைக்கும் பேசி வைத்துக்கொண்டோம். வெடி வைத்து விரட்டலாம் என்று ஒருவர் சொன்னார். மிரண்ட கரடி எந்தப் பக்கம் ஓடும், அந்தப் பக்கம் யார் வீட்டுப் பிள்ளை நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றேன்.

ஊரிலும் இப்போது கதவு திறந்து கிடப்பதில்லை. எங்கள் திண்ணைக்குக் கம்பிவலை அடித்திருக்கிறோம், குரங்குக்காக. ஓட்டைப் பிரித்து இறங்கி உப்புப்புளிவரை எடுத்துப் போகிறது. கடலைக் கொல்லையில் மயில் இறங்குகிறது. விராலிமலைக்குப் போனால் மட்டும் மயில் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அய்யனார் காடு பாதியாகிவிட்டது. புதுக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் பல மைல்களுக்குத் தைலமரம்தான். அந்த மரத்தில் குரங்கு தின்னப் பழம் ஏது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வடகாடு, கீரமங்கலம் பக்கம் பலாவும் தென்னையும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவன் நான். ஒரு பலா மரம் காய்க்க எத்தனை வருடம் என்று அழுத விவசாயியோடு நானும் நின்றேன். நாவலும் அத்தியும் கொன்றையும் நின்ற இடத்தில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் குரங்கும் கரடியும் எங்கே போகும் என்பது. அதை நான் புதுக்கோட்டையிலேயே கற்றிருக்க வேண்டும். கோத்தகிரியில் வந்து கற்றேன்.

தாயத்தை நான் பேத்தி கையில் கட்டவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். கரடியின் முடியோ நகமோ பல்லோ வாங்குவதும் விற்பதும் இன்றைக்குச் சட்டப்படி குற்றம். ஆனால் காரணம் அது மட்டுமில்லை. அந்த முடி எந்த முதுகிலிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு ஒரு குழந்தையின் கையில் என்னால் கட்ட முடியவில்லை. எனக்கு ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் கொடுத்தது அந்தக் கரடி. அதன் ராத்திரிகளை நினைத்தால் இப்போது எனக்குத் தூக்கம் போகிறது. ஊருக்குத் திரும்பி அம்மாவிடம் மூக்குக் கயிற்றைப் பற்றியும் பல்லைப் பற்றியும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “ரெண்டு படி கம்பு குடுத்தமே, அதுல அதுக்கு ஒரு வாயாச்சும் போட்டிருப்பானா?” என்று கேட்டார்.

ஊருக்குத் திரும்புமுன் நடந்த ஒன்றை அம்மாவிடம் முதலில் சொல்லவில்லை, பயப்படுவார் என்று. கோத்தகிரியில் நான் இருந்த கடைசி ராத்திரி, நாலு மணி இருக்கும், பின்பக்கம் உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். நின்று நின்று கேட்டது. மகளும் எழுந்துவிட்டாள். விளக்கைப் போட்டாள். நான் உள்ளேயிருந்தே ஒரு தட்டைத் தட்டினேன். சத்தம் நின்றது. சன்னல் வழியாகப் பார்த்தேன். தேயிலைச் சரிவில், விளக்கு வெளிச்சத்தின் விளிம்பில், கறுத்த முதுகு ஒன்று அவசரமில்லாமல் ஓடைப் பக்கம் இறங்கியது. அதன் மேல் இன்னொரு சின்னக் கறுப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. குட்டி. முதுகு முடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு போனது. நான் பற்றிக்கொண்டது போலவே.

விடிந்த பிறகு பேத்தியோடு பின்பக்கம் போனேன். சத்தமாகப் பேசிக்கொண்டே போனோம். ஈர மண்ணில் தடம் இருந்தது. ஐந்து விரல், விரலுக்கு முன்னால் தள்ளி ஐந்து நகக் குழி. முந்தின நாள் பொறுக்க மறந்த கொய்யாப் பழங்கள் மரத்தடியில் ஒன்றும் மிச்சமில்லை. அதற்குப் பிறகு விழுந்த புதுப் பழங்களைப் பேத்தி வாளியில் பொறுக்கிப் போடத் தொடங்கினாள். அது இப்போது அவளுடைய காலை வேலை. பாதியில் நிமிர்ந்து, “தாத்தா, நேத்து வந்த கரடிக்கு மூக்குல கயிறு இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“இல்லைத்தா.”

சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பழத்துக்குக் குனிந்தாள்.